மாமா மூணு தடவை எழுதினார்!

அம்மா எப்போதும் ராத்திரி எட்டரைக்குத்தான் போன் செய்வாள். அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு, டெஸ்க்கில் செய்திகள் வந்து குவிகிற நேரத்தில் அழைத்தாள். எடுத்ததும் சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏளா, நீ வேலை பாக்குத எடத்துல கருப்பட்டிக் கடை மாமாவப் பத்தித் தப்பா போட்டிருக்காங்களாம்லா. உனக்குத் தெரியுமா?"

"இல்லியேம்மா..."

"மாமா மூணு தடவ உங்க ஆபீசுக்கு எழுதிப் போட்டாவளாம். ஒரு பதில் வரலன்னு வருத்தப்படுதாவ. எங்கிட்டச் சொல்லவே யோசிச்சுதான் சொன்னாவ."

தப்பான செய்தி என்பதுகூட எனக்கு உடனே உறைக்கவில்லை. 'மூணு தடவ' என்றாளே, அதுதான் இடித்தது. எங்கள் ஆபீசில் அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

இந்தப் பத்திரிகைக்கு வருவதற்கு முன்பு, சென்னையில் ஒரு சின்னச் செய்தித் தளத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். இதழியல் டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. டெஸ்க்கில் மொத்தம் ஏழு பேர். வாட்ஸ்அப்பில் வருகிற குறிப்புகளைச் செய்தியாக எழுதுவது, தலைப்பு வைப்பது, படம் தேடுவது எல்லாம் நாங்கள்தான்.

அம்மா போனை வைத்ததும் எங்கள் தளத்தில் 'சாத்தான்குளம்' என்று தேடினேன். 22 நாளுக்கு முந்தைய செய்தி ஒன்று வந்தது. ஆறே வரி. சீட்டுப் பணம் வாங்கி ஏமாற்றியதாக வியாபாரி ஒருவர் கைது. பெயருக்கு முன்னால் 'சு' என்று இனிஷியல். எழுதியவர் பெயர் வெளியில் தெரியாது. ஆனால், உள்ளே பார்த்தால் யாருடைய லாகினில் ஏறியது என்று காட்டும்.

என்னுடையதுதான்.

அன்றைக்கு வந்த குறிப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. பெயருக்கு முன்னால் வெறும் 'எஸ்'. தமிழில் எழுதும்போது அந்த எஸ், ச-வாக இருக்கலாம், சி, சு, செ, சே, ஸ்ரீ எதுவாகவும் இருக்கலாம். யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஏனென்றால், எங்கள் ஊரில் அந்தப் பெயரில் ஒரு வியாபாரியை எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அவர் கடையின் போர்டைப் பார்த்து வளர்ந்திருக்கிறேன். போர்டில் இருப்பது 'சு'. கை தன்னால் அடித்துவிட்டது. கைதானவர் 'செ'. பக்கத்துக் கிராமத்துக்காரர். மாமாவுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வெளியூர்க்காரர் யாராவது எழுதியிருந்தால் 'எஸ்' என்றே விட்டிருப்பார். ஊர்க்காரி எழுதியதால் வந்த வினை.

இதை இன்னொருவர் படித்தால் 'ஒரு எழுத்துதானே' என்று தோன்றலாம். சாத்தான்குளத்துக்காரர்களுக்கு அப்படித் தோன்றாது. எங்கள் ஊர்ப் பெயரே ஓர் எழுத்தில் சிக்கிக்கொண்ட பெயர். 'சாத்தான்' என்றதும் சென்னையில் எல்லோரும் பேயைத்தான் நினைக்கிறார்கள். சாத்தன் என்பது ஐயனாருக்கு உள்ள பழைய பெயர், அதில் ஒரு கால் கூடிவிட்டது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் இதை விளக்கிச் சொல்லியே எனக்கு வாய் வலித்தது.

2020 ஜூனுக்குப் பிறகு யாரும் பெயருக்கு அர்த்தம் கேட்பதில்லை. ஊரைச் சொன்னதுமே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையைத் திறந்துவைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஜூன் 19-ம் தேதி போலீஸ் பிடித்துக்கொண்டு போனதும், நான்கு நாளுக்குள் இருவருமே இறந்துபோனதும் நாடு முழுக்கத் தெரியும். எனக்கு அதில் மறக்காமல் இருப்பது ஒரு சின்ன விஷயம். காவல் நிலையத்து சிசிடிவி பதிவுகள் அன்றன்றைக்கு அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்ததாக, விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை கொடுத்தார். 'செட்டிங்' என்ற சொல்லை எங்கள் தெருவில் பெரியவர்கள் பேசி நான் கேட்டது அப்போதுதான். அந்தப் பெரும் துயரத்தோடு என் ஆறு வரிப் பிழையை நான் ஒப்பிடவில்லை. ஆனால், போலீஸ் செய்தியில் தன் பெயர் வந்தால் எங்கள் ஊரில் ஒரு மனிதர் எப்படிப் பயப்படுவார் என்று மற்றவர்களைவிட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டெஸ்க் தலைவரிடம் போய்ச் சொன்னேன். திட்டினார். பத்து நிமிடத்தில் செய்தியைத் திருத்தி, மேலே வருத்தக் குறிப்பும் போட்டோம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால், அந்த மூன்று கடிதங்கள்? மாமா எழுதியது வரவில்லை என்றால், மற்றவர்கள் எழுதியதும்தானே வந்திருக்காது?

இங்கே கொஞ்சம் கம்ப்யூட்டர் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேர் கம்பெனிகளில் 'இஷ்யூ டிராக்கர்' என்று ஒன்று வைத்திருப்பார்கள். எந்தப் பிழை வந்தாலும் அதற்கு ஒரு டிக்கெட் போடுவார்கள். டிக்கெட்டுக்கு ஒரு நம்பர், பொறுப்பாக ஒரு ஆள், ஒரு கெடு. வேலை முடிந்தால்தான் மூட முடியும். 1998-ல் மொஸில்லாக்காரர்கள் வெளியிட்ட பக்ஸில்லா இதில் பழைய ஒன்று. பிறகு வந்த ஜிரா என்ற பெயர், காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான 'கோஜிரா'விலிருந்து வெட்டி எடுத்தது. பக்ஸில்லாவைக் கிண்டலடித்து வைத்த பெயராம். எங்கள் ஆபீசில் இருந்தது ரெட்மைன். ஜான் ஃபிலிப் லாங் என்ற பிரெஞ்சுக்காரர் 2006-ல் தொடங்கியது. இலவசம். எங்கள் மாதிரி ஆபீஸுக்கு அந்தக் கடைசிச் சொல்தான் முக்கியம்.

செய்தி டெஸ்க்கில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கு முன்பு அங்கே வேலை பார்த்த ஒரு அண்ணன் செய்த ஏற்பாடு அது. இன்ஜினீயரிங் படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவர். வாசகர் யாராவது 'இது தப்பு' என்று எங்கள் தளத்தின் படிவத்தில் எழுதினால், அது மெயிலாகப் போய் ரெட்மைனில் ஒரு டிக்கெட்டாக விழும். அதற்கு மேல் செய்ய வேண்டியதற்காக அவரே ஒரு ப்ளக்-இன் எழுதியிருந்தார்.

ப்ளக்-இன் என்றால் வேறொன்றுமில்லை. மிக்ஸிக்கு நாமே செய்து மாட்டுகிற ஒரு ஜார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி கம்பெனி கொடுத்ததில்லை. ஆனால், அதன் மேல் உட்கார்ந்து சுற்றும். அண்ணனின் ஜார் மூன்று வேலை செய்தது. டிக்கெட் விழுந்ததும் எழுதிய வாசகருக்கு 'கிடைத்தது' என்று எஸ்.எம்.எஸ் அனுப்பும். அந்தச் செய்தியை எழுதியவர் பெயருக்கே டிக்கெட்டை ஒதுக்கும். என்ன தப்பு, எது சரி, ஏன் நடந்தது என்ற மூன்று கட்டங்களையும் நிரப்பாமல் டிக்கெட்டை மூட விடாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எனக்கு ஒன்று விழுந்தது. 'தூத்துக்குடியில் இன்றும் முத்துக்குளிக்கிறார்கள்' என்று நான் எழுதியிருந்ததற்கு ஒரு வாசகர், 'அம்மா, அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். இப்போது எங்கள் ஆட்கள் கடலில் மூழ்குவது சங்குக்கு' என்று எழுதியிருந்தார். தூத்துக்குடி மாவட்டத்துக்காரி எழுதிய லட்சணம்! 'ஏன் நடந்தது' கட்டத்தில் என்ன போடுவது என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கட்டத்தை டெஸ்க்கில் யாருக்கும் பிடிக்காது. 'தட்டச்சுப் பிழை' என்று போட்டுவிட்டுப் போய்விடுவோம்.

எனக்கு ஒதுக்கிய டிக்கெட் எதுவும் மூன்று வாரமாக என் பக்கத்தில் இல்லை. நான் அதைக் கவனித்திருந்தேன். கவனித்து, சந்தோஷப்பட்டும் இருந்தேன். தப்பில்லாமல் எழுதக் கற்றுக்கொண்டேன் என்று நினைத்தேன்.

ரெட்மைனில் நிர்வாகப் பக்கத்துக்குள் 'ப்ளக்-இன்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். டெஸ்க் தலைவரின் லாகினில் போய்ப் பார்த்தேன். பட்டியல் காலி. சிவப்பு எழுத்து இல்லை, எச்சரிக்கை இல்லை. அப்படி ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர் வெளி ஆள். வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். போன் செய்தேன். "ஆமாம்மா, ரெட்மைன் நாலாம் பதிப்பிலிருந்து அஞ்சாம் பதிப்புக்கு மாத்தினோம்ல, அந்த ப்ளக்-இன் இருந்தா சர்வரே எந்திரிக்க மாட்டேங்குது. அதை எடுத்து வெளிய வெச்சிட்டு ஸ்டார்ட் பண்ணினேன். அன்னிக்கே மெயில் போட்டேனே" என்றார்.

மெயில் போட்டிருந்தார், உண்மைதான். ப்ளக்-இன் எழுதிய அண்ணனின் ஆபீஸ் முகவரிக்கு. அண்ணன் வேலையை விட்டு எட்டு மாதமாகிறது. முகவரியையும் மூடிவிட்டார்கள்.

யாரைக் குறை சொல்வது? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மொத்த ஆபீசும் நிற்பதைவிட ஒரு ஜார் இல்லாமல் மிக்ஸி ஓடட்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஜார் இல்லாத மிக்ஸியும் சத்தமாகத்தான் சுற்றும். ஒன்றும் அரைபடாது, அவ்வளவுதான். மெயில்கள் டிக்கெட்டாக விழுந்துகொண்டேதான் இருந்தன. யாருக்கும் ஒதுக்கப்படாமல், யாருமே திறக்காத பொதுப் பட்டியலில் 'புதியது' என்ற பெயரோடு கிடந்தன. நாங்கள் எல்லோரும் அவரவர் 'என் பக்கம்' மட்டும் பார்ப்பவர்கள். வாசகருக்கு எஸ்.எம்.எஸ்ஸும் போகவில்லை. அதனால்தான் மாமா திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்.

அண்ணன் இப்போது கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போனில் வந்தார். சர்வர்காரர் சோதனைக்கென்று இன்னொரு ரெட்மைன் வைத்திருந்தார். அதில் செய்து பார்க்கலாம் என்றார்.

"நேரா ஓடுற சர்வர்ல கை வைக்காதே தங்கச்சி. ஆபரேஷனை நடந்துட்டு இருக்கிற ஆளுக்குப் பண்ணக் கூடாது" என்றார் அண்ணன்.

முதலில் நானே ஒரு முட்டாள்தனம் செய்தேன். அண்ணன் சேமித்து வைத்திருந்த இடத்திலிருந்து ப்ளக்-இன்னை ஜிப்பாக இறக்கி, விரித்து, அப்படியே ப்ளக்-இன்கள் இருக்க வேண்டிய ஃபோல்டரில் போட்டேன். இப்படி இறக்கினால் பெயரின் வாலில் 'மெயின்' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டு வரும். ரெட்மைனுக்கு அது ஆகாது. ப்ளக்-இன் தனக்குள் என்ன பெயர் சொல்லிப் பதிவு செய்கிறதோ, அதே பெயர்தான் ஃபோல்டருக்கும் இருக்க வேண்டும். ப்ளக்-இன் காணவில்லை, இந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி நின்றுவிட்டது. கண் முன்னால் இருப்பதைக் காணவில்லை என்கிறதே என்று எனக்குக் கோபம் வந்தது. வாலை வெட்டினேன். சரியானது.

அடுத்து வந்ததுதான் உண்மையான பிழை. திரை முழுக்க நூறு வரி ஆங்கிலம் ஓடியது. பயத்தில் கடைசி வரியைப் படித்துச் சொன்னேன்.

"அதை விடு. கீழ இருக்கிறதெல்லாம் பிழை வந்த வழி. என்ன பிழைன்னு முதல் வரியிலதான் இருக்கும். நீங்கதான் லீடு, லீடுன்னு படிச்சிருக்கீங்கல்ல?" என்றார்.

மேலே போய்ப் படித்தேன். 'இந்தக் கோப்புக்குள் இந்தப் பெயர் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை' என்பதுதான் அதன் சாரம். கோப்பின் பெயரைப் பார்த்தால், வாசகருக்கு எஸ்.எம்.எஸ் அனுப்புகிற அதே பகுதி.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடப்பாவி, நான்தான்" என்று சிரித்தார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ரெட்மைன், ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற அடித்தளத்தின் மேல் கட்டியது. பழைய ரெயில்ஸில், நிரலில் ஒரு பெயர் வந்தால் அந்தப் பெயரைச் சின்ன எழுத்தாக்கி, அதற்குரிய கோப்பைத் தேடிப் போகும். பெயரிலிருந்து கோப்புக்குப் போகிற வழி. 2022-ல் வந்த ரெட்மைன் ஐந்தாம் பதிப்பில் 'சைட்வெர்க்' என்ற புதிய முறை வந்துவிட்டது. அது தலைகீழ். முதலில் கோப்பின் பெயரைப் பார்க்கும். பார்த்து, உள்ளே என்ன பெயர் இருக்கும் என்று தானாகவே முடிவு செய்துகொள்ளும். அந்தப் பெயர் உள்ளே இல்லையென்றால் ஓர் அடி நகராது.

கோப்பின் பெயர் எல்லாம் சின்ன எழுத்தில்தான் இருந்தது. சைட்வெர்க் கணக்குப்படி உள்ளே எஸ்.எம்.எஸ் என்பதில் முதல் எஸ் மட்டும்தான் பெரிய எழுத்து. அண்ணன் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். நாம் எல்லோரும் அப்படித்தானே எழுதுவோம்? தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. நமக்கு அது ஒரு வித்தியாசமே இல்லை. அதற்கு அது வேறு ஆள்.

"பழசு கேட்டுட்டுப் போகும். புதுசு பார்த்ததும் தானே முடிவு பண்ணிக்கும். அதுக்கும் காரணம் இருக்கு, அதுதான் வேகம். நாமதான் பேர் சரியா வைக்கணும்" என்றார் அண்ணன்.

நான் ஒன்றும் பேசவில்லை. குறிப்பில் எஸ்ஸைப் பார்த்ததும் முடிவு செய்துகொண்டு 'சு' அடித்த என் விரல்தான் ஞாபகம் வந்தது. ஒரு வித்தியாசம், சைட்வெர்க் தன் ஊகம் தப்பாகப் போனால் அங்கேயே நின்று கத்துகிறது. நான் கத்தவில்லை. ஆறு வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பெயரை ஆறு இடத்தில் மாற்ற வேண்டியிருந்தது. ஒட்டுமொத்தமாகத் தேடி மாற்றலாம் என்றால், வாசகருக்குப் போகிற வாக்கியங்களிலும் எஸ்.எம்.எஸ் என்ற சொல் இருக்கிறது. அதையும் சேர்த்து மாற்றிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினேன். சர்வர் எழுந்தது. பட்டியலில் ப்ளக்-இன் பெயர் வந்ததும் நான் கைதட்டினேன். ஹாஸ்டல் அறையில் தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து முறைத்தாள்.

"லோடு ஆனா வேலை செய்யுதுன்னு அர்த்தமில்ல. ஒரு பொய் டிக்கெட் போட்டு மூடிப் பாரு" என்றார் அண்ணன். போட்டேன். மூடும்போது திரும்பவும் விழுந்தது. ஏழாவதாக ஓர் இடத்தில், திரையில் காட்டுகிற பக்கத்துக்குள், பழைய பெயர் ஒளிந்திருந்தது. அதையும் மாற்றினேன்.

இதெல்லாம் முடிய ராத்திரி ஒரு மணி. சர்வர்காரர் நிஜ சர்வரில் ஏற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்தார். அவர் எதிர்காலத்துக்கென்று ஒன்றைச் சேர்த்தார். ஏதாவது ப்ளக்-இன்னை எடுத்தால், இனி தனி ஒருவருக்கு இல்லை, டெஸ்க் குரூப்புக்கே மெயில் வரும். பழைய விவரங்கள் எதுவும் அழியவில்லை. ஃபோல்டரை வெளியே எடுத்தாலும் தரவுத்தளத்தில் அதன் அட்டவணைகள் அப்படியே இருக்கும் என்று தெரிந்தபோது பெரிய ஆறுதல்.

ஆனால், ப்ளக்-இன் இனிமேல் வருகிற டிக்கெட்டைத்தான் ஒதுக்கும். ஏற்கெனவே கிடப்பதை ஒன்றொன்றாக நாமேதான் திறந்து ஒதுக்க வேண்டும். எண்ணினேன், 37 இருந்தன.

மறுநாள் லீவு. ஹாஸ்டலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். கோயில் கொடியேற்றத் தேதி மாறியிருந்தது ஒன்று. இறந்தவர் படத்துக்குப் பதில் அவர் தம்பி படம் போட்டிருந்தது ஒன்று. முதியோர் இல்லத்தின் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தப்பாகி, யாரோ ஒரு வீட்டுக்கு ராத்திரியெல்லாம் அழைப்பு போயிருக்கிறது. அந்த வீட்டுக்காரம்மா நான்கு தடவை எழுதியிருந்தார். நான்காவதில் அழுகை தெரிந்தது. 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், செய்தித் தளங்களுக்கு வரும் புகாருக்கு 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கின்றன. அந்த விதிகளில் சிலவற்றை நீதிமன்றம் நிறுத்திவைத்தது வேறு கதை. விதி இல்லாவிட்டாலும், வீட்டு போன் ராத்திரி இரண்டு மணிக்கு அடித்தால் 15 நாள் காத்திருக்க முடியுமா?

மாமாவின் மூன்றையும் கடைசியில்தான் திறந்தேன்.

முதலாவது நீளம். பேரன் அடித்துக் கொடுத்திருக்க வேண்டும். 'மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, தன் தகப்பனார் பெயர், கடை வைத்த வருடம் எல்லாம் எழுதி, அந்த நபர் நான் அல்ல என்று முடித்திருந்தார். இரண்டாவது பத்து நாள் கழித்து. பனை ஏறுகிறவர்கள் சரக்கைப் போட்டுவிட்டு வாரக் கணக்கில் காசு வாங்குவதுதான் வழக்கம், இப்போது கையில் காசு கேட்கிறார்கள், சீசன் நேரம், தயவுசெய்து கவனிக்கவும் என்று. பதநீர் இறங்குகிற நாலைந்து மாதம்தான் அவர்களுக்கு வருடம். உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதே மாமாவிடம் நான் போனில் பேசிக் கருத்து வாங்கிச் செய்தி போட்டிருக்கிறேன். அப்போது அவர் இனிஷியலைச் சரியாகத்தான் போட்டேன்.

மூன்றாவது ஒரே வரி. 'என் பெயரை எடுத்துவிடுங்கள்.'

மூன்றையும் என் பெயருக்கு ஒதுக்கிக்கொண்டேன். என்ன தப்பு: 'சு'. எது சரி: 'செ'. ஏன் நடந்தது என்ற கட்டத்தில் பழக்கத்தில் 'தட்டச்சுப் பிழை' என்று அடித்தேன். அழித்தேன். 'எனக்குத் தெரியும் என்று நினைத்தேன், கேட்கவில்லை' என்று அடித்து மூடினேன். மாமா நம்பருக்கு 'கிடைத்தது' என்ற எஸ்.எம்.எஸ் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். நல்ல வேளை, பழைய டிக்கெட்டுக்கு அது போகாது. அந்த நேரத்தில் அப்படியொரு எஸ்.எம்.எஸ் போயிருந்தால் அதைவிடக் கேவலம் இல்லை.

அந்த வாரக் கடைசியில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பிடித்து நாசரேத்தில் இறங்கி, பஸ் மாறி ஊருக்குப் போனேன். குளித்துவிட்டு நேராகக் கடைக்கு. அம்மா கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

மாமா தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கடை முழுக்கக் கருப்பட்டி வாசனை. "வா மக்கா, எப்ப வந்த?" என்றார். எப்போதும் கேட்கிற மாதிரியேதான்.

"மாமா, அந்தச் செய்திய எழுதுனது நான்தான்."

அவர் கை நின்றது. அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை போல. நான் ஆங்கில எஸ்ஸைப் பற்றியும், ப்ளக்-இன் பற்றியும், மெயில் எங்கே போனது என்றும் வேகவேகமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சாக்கு மாதிரி கேட்டது. திருத்திய செய்தியைப் போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இது நல்லாத்தான் இருக்கு. இத எத்தன பேரு பாப்பாவ?" என்றார். தன் போனை எடுத்தார். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பழைய செய்தியின் ஸ்கிரீன்ஷாட். அதில் திருத்தம் எதுவும் ஏறாது. குரூப்பில் நம் திருத்தத்தைப் போடுகிறேன் என்றேன். போட்டேன். ரெண்டு பேர் கும்பிடு போட்டார்கள்.

மாமா கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த நீளமான கணக்கு நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பினார். "இதுல நாலு முருகன் இருக்கான், பாரு" என்றார். பார்த்தேன். கிணத்தடி முருகன், வாத்தியார் வீட்டு முருகன், கொட்டங்காட்டு முருகன், இன்னொருவனுக்கு வெறும் 'நெட்டை' என்று.

"நாப்பது வருசமா எழுதுதேன். ஒருத்தன் பாக்கிய இன்னொருத்தங்கிட்டக் கேட்டதில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு, "அம்மைக்கு என்ன வேணும்?" என்றார். ரெண்டு கிலோ கருப்பட்டி என்றேன். நிறுத்து, ஓலைப் பெட்டியில் வைத்துக் கட்டித் தந்தார். எங்கள் வீட்டுக் கணக்கு எப்போதும் பற்றில்தான் எழுதுவார், மாதக் கடைசியில் அப்பா கொடுப்பார். பழக்கத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பியவள் நின்று, பர்ஸைத் திறந்து நோட்டுகளை நீட்டினேன். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி, எண்ணி, கல்லாவில் போட்டுக்கொண்டார்.